செம்மண்ணுக்குப் பழக வேண்டிய கருவி

சங்கராபுரம் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் எழுதியிருக்கிறார்: "மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் குறைவு என்று போட்டிருக்கிறது. கரிமத்தைக் கூட்டினால் கார்பன் காசு தருவோம், கருவி வைத்து அளந்துகொள்வோம் என்று கார்பன் திட்டக்காரர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா?"

'குறைவு' என்றால் நூறு கிராம் மண்ணில் அரை கிராம் கரிமம்கூட இல்லை. ஆய்வகங்கள் இதை 1934-இல் வாக்லியும் பிளாக்கும் வகுத்த அமில முறையில்தான் இன்னும் அளக்கின்றன. நேரம் பிடிக்கும் வேலை.

புதிய கருவிகளுக்கு அமிலம் வேண்டாம். கான்பூர் ஐ.ஐ.டி. 2021-இல் அறிமுகப்படுத்திய 'பூ பரீட்சக்'கில் உலர்ந்த மண் 5 கிராம் போட்டால், 90 விநாடியில் செல்போனுக்கு முடிவு வந்துவிடும். மண்மீது அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, எந்த அலைநீளம் எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கிறது.

என்னை வியக்கவைப்பது இதுதான்: கருவி கரிமத்தை நேரடியாக எடை போடுவதே இல்லை. ஆய்வகத்தில் முன்பே அளந்துவைத்த மண்களோடு ஒப்பிட்டுக் கணிக்கிறது. ஈரமிருந்தால் 1400, 1900 நானோமீட்டர் பக்கம் தண்ணீரே ஒளியை விழுங்கிவிடும். உங்கள் பக்கத்துக் கல்வராயன் மலைச் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடும் குறுக்கே வரும். எங்கள் வயல் பொன்னிக்குக் கண்ணளவாகவே உலைநீர் வைக்கும் என் அம்மாவுக்கு, ரேஷன் அரிசி வந்தால் அளவு தப்பிவிடும். கரிசலில் பழகிய கருவியும் அப்படித்தான். அந்த மலையின் வெள்ளிமலை, கரியாலூர் மண்ணை முதலில் ஆய்வகத்தில் அளந்து அதற்குப் பழக்க வேண்டும். அதைச் செய்யாமல் மலைமக்களிடம் காசு பேசுவது அநியாயம்.

சதவீதம் மட்டும் தெரிந்தாலும் போதாது. ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. ஆழம் வரை கரிமம் 0.5 சதவீதம் என்று வையுங்கள். மண்ணின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.4 கிராம் என்றால் 21 டன் கரிமம், 1.2 என்றால் 18 டன்தான். இந்த அடர்த்தியை அறிய, உலோக வளையத்தை மண்ணில் அடித்து இறக்கி, அதில் நிரம்பிய மண்ணைக் காயவைத்து நிறுக்க வேண்டும்.

ஆகவே ஐயா, கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்த ஊர் மண்ணில் கருவியைப் பழக்கினீர்கள், எத்தனை ஆழம் அளப்பீர்கள், அடர்த்தி பார்ப்பீர்களா?

காசு வராவிட்டாலும் கரும்பின் காய்ந்த தோகையான சோகைக்குத் தீ வைக்காதீர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலைப் பாருங்கள். தொழு உரம் இட்டுவந்த பாத்திகளில்தான் கரிமம் கூடுதல். சோகையும் அப்படி மண்ணுக்குப் போகவேண்டிய கரிமம்தான்; ஆண்டுதோறும் நாம் கொளுத்துவது அதைத்தான். மறுதாம்புக் கரும்பில் ஒரு சால் விட்டு ஒரு சால் சோகையைப் பரப்புங்கள். தண்ணீர் பாய்ச்சவும் வழி இருக்கும்.