சயாம் கதையை வகுப்பில் கற்பித்தல்

ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ சிறுவர்க்கென எழுந்த நாவலன்று. ஆயினும் அதன் சில பகுதிகளை ஆறாம் ஆண்டு மாணவர்க்குப் படித்துக் காட்டலாம்.

1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அப்பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதி பலரை வாரிச் சென்றது. லயங்களில் எஞ்சிய பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று.

தந்தையிழந்த பிள்ளையின் கதை என்றதும் ஆசிரியர் சிலர் குரல் தழுதழுத்து வகுப்பை அழவைக்க முற்படுவர். அஃது எளிது, பயனோ சிறிது. “அப்பிள்ளைக்குச் சோறிட்டவர் யார்? எந்தக் காசைக் கொண்டு?” என வினவுக. வாழைமரம் பொறித்த ஜப்பானியப் பத்து வெள்ளித் தாள் கட்டுக்கட்டாய் இருந்தும் அரிசி வாங்க இயலாமற் போனதேன் என்று கேட்டால், கணக்குப் பாடமும் கதைக்குள் வந்துவிடும்.

பின்னர், நடந்தது எது, புனைந்தது எது எனப் பிரித்தெழுதச் சொல்லுக. பாதையும் ஆண்டும் வரலாறு. உரையாடல் ஆசிரியர் படைப்பு. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் உண்டு; மாண்ட தமிழர் பெரும்பாலோர்க்கு அதுவுமில்லை. அவர்க்கு நாவலாசிரியர் பெயரிட்டது பொய்யாகுமா என மாணவர் கேட்பின், ஒரு பாடவேளை முழுவதையும் அதற்கே விடலாம்.