பழைய ஃபைல், புது வெர்ஷன்: தெரியுமா?

உங்கள் வேர்ட் ஃபைல் ஒற்றை ஃபைலே அல்ல, தெரியுமா? டாக்எக்ஸ் ஃபைல் ஒன்றை நகலெடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். ஃபோல்டர் ஃபோல்டராக விரியும்! எழுத்து ஓரிடம், ஸ்டைல் ஓரிடம், படங்களெல்லாம் 'மீடியா' ஃபோல்டரில்! வேர்ட் திறக்க மறுக்கும் ஃபைலிலிருந்துகூட, பல நேரம் படங்களை இப்படி உருவிவிடலாம்.

2007 ஆபீஸோடு வந்த ஏற்பாடு இது. அதற்கு முன் வேர்ட் 97 முதல் 2003 வரை எல்லாருக்கும் ஒரே டாக் வகை. யார் அடித்தாலும் அடுத்தவருக்குத் திறந்தது. 2007-ல் அலுவலகத்தில் ஒருவர் மட்டும் மாறினார், பக்கத்து மேஜையில் அவர் ஃபைல் திறக்கவில்லை! பழைய வெர்ஷன்காரர்களுக்காக மைக்ரோசாஃப்ட், புது ஃபைலைத் திறக்க உதவும் ஒரு பேக்கை இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தது.

மாறாமல் விட்டால்? எக்ஸெல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் ஷீட்டில் 65,536 வரிசைதான். புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576! 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனா ஆய்வக முடிவுகளைப் பழைய வகையிலேயே ஏற்றிக்கொண்டிருந்தது. ஒரு நோயாளிக்கே பல வரிசை. ஷீட் நிரம்பியது, மிச்சம் சத்தமில்லாமல் விடுபட்டது! செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் வரவே இல்லை. பாசிட்டிவ் என்ற தகவல் அவரவருக்குப் போயிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது. நினைத்தாலே பதறுகிறது. புது வகை வந்து அப்போதே 13 வருடம்!

அதற்காக நம்பர் ஏறும்போதெல்லாம் ஓட வேண்டாம். ஆபீஸ் 2007-ன் உள் எண் 12, அடுத்த 2010-க்கு 14! ராசியில்லாத 13-ஐத் தாண்டிவிட்டார்கள். பழையதிலேயே நிற்பவரும் உண்டு: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையைத் தந்த ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் நாவல் எழுதுவது டாஸ் கம்ப்யூட்டரில், வேர்ட்ஸ்டார் 4.0-ல்! இணையமே இல்லாத தனி மெஷின் அது. இணையத்தோடு இருக்கும் நமக்குக் கெடு உண்டு: ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. இப்படிப்பட்ட கெடு வரும் முன்பே, ஃபைல் கைமாறும் எல்லாரும் சேர்ந்து மாறிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நம்மூர் டிடிபி சென்டர்களுக்கு ஓர் அவசரச் செய்தி! பேஜ்மேக்கர் 2001-ல் வந்த 7.0-ஓடு நின்றுவிட்டது. அந்த ஃபைல்களை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறக்கலாம். அதற்கடுத்த சிசி வெர்ஷன்களில் அந்த வசதியே இல்லை! சிஎஸ்6 இருக்கும் பழைய மெஷினை எடைக்குப் போடுவதற்கு முன், கோவில் மலர், கல்யாணப் பத்திரிகை, பாடநூல் அத்தனையையும் அதில் திறந்து இன்டிசைனாகவும் பிடிஎஃப்பாகவும் சேமித்துவிடுங்கள். கூடவே பழைய தமிழ் ஃபான்ட்டையும் எடுத்து வையுங்கள். அது இல்லையென்றால் இன்டிசைனில் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள்தான் தெரியும்!