நிறம் பிரித்துத் தூரம் காணும் ஜே-பாஸ்

விண்மீன் மண்டலங்களின் தூரத்தை நிறமாலைமானியால் ஒவ்வொன்றாக அளந்து முடிக்க நெடுங்காலம் பிடிக்கும். வானத்தின் ஒரே பகுதியைப் பல நிற வடிகட்டிகள் வழியே படமெடுப்பது விரைவான வழி. ஸ்பெயினின் தெருயேல் மாகாணத்தில் உள்ள ஹவலாம்ப்ரே வானாய்வகத்தின் 2.5 மீட்டர் தொலைநோக்கி மூலம் நடக்கும் ஜே-பாஸ் ஆய்வுக்கு 56 வடிகட்டிகள். பெரும்பாலானவை மிகக் குறுகிய நிறப்பட்டையை மட்டுமே உள்ளே விடுபவை.

பிரபஞ்சம் விரிவதால், தொலைவிலுள்ள மண்டலத்தின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்தே நம்மை வந்தடைகிறது; தூரம் கூடக்கூட இந்த நகர்வும் கூடும். ஆக்சிஜன் 373 நானோமீட்டரில் உமிழும் ஒளி, 559 நானோமீட்டருக்கான வடிகட்டியில் பளிச்சிட்டால், அந்த நகர்வின் அளவான செம்பெயர்ச்சி 0.5. அதாவது, அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வேறொரு தனிமத்தின் ஒளியாகவும் அது இருக்கலாம் என்பதால், மற்ற வடிகட்டிகளின் அளவுகளும் ஒப்பிடப்படுகின்றன. மங்கலான மண்டலங்களில் பிழை கூடும். அங்கே நிறமாலைமானியின் அளவீடே உறுதியானது.