மில் (சொல்)

மில் என்பது ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சு வழக்கில் கலந்த சொற்களுள் ஒன்று. தானியம் அரைக்கும் பொறி, அப்பொறி உள்ள இடம், தொழிற்சாலை, உலோகத்தைச் செதுக்கும் முறை எனப் பல பொருள்களில் இது வழங்குகிறது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு ஆகிய கொங்கு வட்டாரப் பகுதிகளில் அடைமொழி ஏதுமின்றி ‘மில்’ என்றால், அது பஞ்சிலிருந்து நூல் நூற்கும் ஆலையைக் குறிக்கும். ஆகவே இச்சொல்லைத் தமிழில் பெயர்ப்பவர், எந்த மில் என்று அறிந்த பிறகே உரிய தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தெடுக்க இயலும்.

சொல்லின் வரலாறு

‘மில்’ என்பதன் மூலம், அரைத்தல் எனப் பொருள்படும் ‘மோலெரே’ என்னும் இலத்தீன் வினைச்சொல். கடைவாய்ப் பல்லைக் குறிக்கும் ‘மோலார்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்தது. நீர்ச்சக்கரத்தாலோ காற்றாலோ கல்லைச் சுழற்றித் தானியம் அரைத்த இடமே தொடக்கத்தில் மில் எனப்பட்டது. பின்னர் அதே நீர்ச்சக்கரத்தைக் கொண்டு மரம் அறுத்தனர். காகிதக் கூழ் இடித்தனர். அந்த இடங்களுக்கும் மில் என்ற பெயரே வந்தது.

1771ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் இங்கிலாந்தின் குரோம்ஃபோர்டு என்னும் ஊரில், நீர்விசையால் நூல் நூற்கும் ஆலையை நிறுவினார். அங்கு எதுவும் அரைக்கப்படவில்லை. எனினும் மாவு மில்லை இயக்கிய நீர்ச்சக்கரமே இதையும் இயக்கியதால் ‘காட்டன் மில்’ என்ற பெயர் நிலைத்தது. பின்னாளில் நீராவியும் மின்சாரமும் வந்தபோதும் பெயர் மாறவில்லை.

ஆலை என்னும் தமிழ்ச்சொல்

மில் என்பதற்கு இணையாக வழங்கும் ‘ஆலை’யும் ஏறத்தாழ இதே வழியில் பொருள் விரிந்த சொல்லாகும். சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையில், கரும்பைப் பிழிந்து பாகு காய்ச்சும் இடமாக ஆலை சொல்லப்படுகிறது. இன்று பஞ்சாலை, காகித ஆலை, சிமெண்ட் ஆலை எனத் தொழிற்கூடங்கள் பலவற்றுக்கும் இச்சொல் பொருந்துகிறது. உடுமலைப்பேட்டை அருகேயுள்ள அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலையின் பெயரில் அது தன் பழைய கரும்புத் தொடர்பை இழக்காமல் நிற்கிறது.

கொங்கு வட்டார வழக்கு

கோயம்புத்தூரில் 1888ஆம் ஆண்டு ராபர்ட் ஸ்டேன்ஸ், கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். மக்கள் அதை ‘ஸ்டேன்ஸ் மில்’ என்றனர். 1910இல் ஜி. குப்புசாமி நாயுடு லட்சுமி மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கிடைத்ததும் பஞ்சாலைகள் வேகமாகப் பெருகின. குரோம்ஃபோர்டைப் போலவே இங்கும் ஆலைகளைப் பெருக்கியது நீரின் விசைதான். அது மின்கம்பி வழியாக வந்தது என்பதே வேறுபாடு.

வேலை தரும் இடங்களில் பஞ்சாலைகளே பெரியவையாக இருந்ததால் ‘பஞ்சு’ என்ற அடைமொழி பேச்சில் தேவையற்றதாயிற்று. ‘மில்லுக்குப் போகிறார்’ என்றால் பஞ்சாலையில் வேலை செய்கிறார் என்று பொருள். ‘மில் சங்கு’ என்பது வேலை முறை மாறும் நேரத்தை ஊருக்கு அறிவித்த ஒலி. அவிநாசி சாலையில் ‘லட்சுமி மில்’ என்பது ஒரு சந்திப்பின் பெயராகவே வழங்குகிறது.

கோயம்புத்தூரில் 1933ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட ‘சைமா’ என்னும் ஆலை உரிமையாளர் சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் தென்னிந்திய மில்கள் என்று மட்டுமே உள்ளது. பஞ்சு, நூல், துணி என்ற சொல் எதுவும் இல்லை. தமிழ் நாளிதழ்கள் அதைத் ‘தென்னிந்திய பஞ்சாலைகள் சங்கம்’ என எழுதுகின்றன. ஆங்கிலப் பெயரில் சொல்லாமல் விடப்பட்டதைத் தமிழ்ப் பெயர் வெளிப்படையாகச் சொல்கிறது.

மற்ற மில்களுக்கு இவ்வட்டாரத்தில் அடைமொழி கட்டாயம். நெல் அரைப்பது ரைஸ் மில். எண்ணெய் ஆட்டுவது ஆயில் மில். மரம் அறுப்பது சா மில். காங்கயம் பகுதியில் முதல் இரண்டும் மிகுதி. வீட்டில் அரிசியும் உளுந்தும் அரைப்பது கிரைண்டர். மிளகாய், மல்லி, ராகி கொண்டுபோய் அரைத்து வருவது மாவு மில். சொல்லின் முதற்பொருள் இங்கு மாவு மில்லில் அப்படியே இருக்கிறது.

குழப்பம் தரும் இடங்கள்

காற்றாலை: ‘விண்ட் மில்’ என்பதன் தமிழாக்கம். பல்லடம், உடுமலைப்பேட்டை, தாராபுரம் பகுதிகளில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றால் சுழலும் காற்றாலைகள் எதையும் அரைப்பதில்லை. மின்சாரம் உற்பத்தி செய்கின்றன.

மில்லிங்: பொறியியல் பட்டறைகளில், சுழலும் வெட்டுக்கருவியால் உலோகத்தைச் செதுக்குவது. இதை ‘அரைத்தல்’ என்று பெயர்ப்பது பிழை. சாணைக்கல்லால் தேய்ப்பது கிரைண்டிங். இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

மில் (அளவு): அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ‘மில்லி’யைப் போல இதுவும் ஆயிரம் எனப் பொருள்படும் ‘மில்லே’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அரைக்கும் மில்லுடன் தொடர்பில்லை.

‘ரன் ஆஃப் த மில்’: ‘சாதாரணமான’, ‘தனிச்சிறப்பு இல்லாத’ என்று பொருள்படும் தொடர். ‘ஆலை ஓட்டம்’ என்று பெயர்த்தால் பொருள் கெடும்.

மாணவர்களுக்கு

ஆங்கிலக் கதைகளில் ஆற்றங்கரையில் உள்ள மில், பெரும்பாலும் மாவு அரைக்கும் இடமாக இருக்கும்; அதைப் பஞ்சாலை என்று எழுதினால் கதையின் தொழிலே மாறிவிடும். கொங்குப் பகுதி மாணவர் ஆங்கிலத்தில் எழுதும்போது இதன் மறுபக்கம் நேரும். தந்தை மில்லில் வேலை செய்கிறார் என்று மட்டும் எழுதினால், வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ படிப்பவருக்கு எந்த மில் என்று விளங்காது. ‘ஸ்பின்னிங் மில்’ என்று ஒரு சொல் சேர்த்தால், அவர் செய்யும் வேலை நூல் நூற்பது என்பது தெளிவாகும்.