துருயிதர்: சரித்திரமும் கதையும்

பண்டைக் காலத்தை நிலைக்களனாகக் கொண்ட கதைகளைப் படிக்குங்கால் நம் மனக்கண்முன் சில உருவங்கள் தாமே வந்து நிற்கின்றன. ஐரோப்பாவின் பழங்குடியினராகிய கெல்தியரைப் பற்றிய கதையாயின், அவ்வுருவம் பெரும்பாலும் ஒன்றே: வெண்ணிற ஆடை, நீண்ட தாடி, கையிற் பொன்னரிவாள், சூழ ஓங்கி நிற்கும் ஓக் மரங்கள். இவரே துருயிதர் எனப்படும் கெல்தியக் குருமார். இவ்வுருவம் எங்கிருந்து வந்தது? இதிற் சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு? இவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒன்று கூறல் வேண்டும். துருயிதர் தம் கொள்கையைத் தாமே எழுதிவைத்த ஏடு ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. எழுத்தறியாமை அதற்குக் காரணமன்று. அக்காலத்தில் கோல் நாடு என வழங்கிய பிரான்சிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் கி.மு. 58 முதற் போர் நடத்திய யூலியஸ் சீசர், தம் போர்க்குறிப்பின் ஆறாம் பகுதியில் இதனை விளக்குகின்றார். துருயிதர் பிற காரியங்களுக்குக் கிரேக்க எழுத்தைக் கையாண்டனர். சமயக் கல்வியை மட்டும் எழுத்திலிடுதல் தகாதென விலக்கினர். அதற்குச் சீசர் ஊகிக்கும் காரணங்கள் இரண்டு. அக்கல்வி பொதுமக்களிடைப் பரவலாகாது என்பது ஒன்று. மாணாக்கர் ஏட்டை நம்பி நினைவாற்றலை நெகிழவிடலாகாது என்பது மற்றொன்று. ஆதலின் மாணாக்கர் பலப்பல செய்யுட்களை நெட்டுருச் செய்தனர்; சிலர் இருபது ஆண்டுகள் வரையும் பயின்றனராம்.

சீசர் காட்டும் துருயிதர் வேள்வி செய்வோர் மட்டும் அல்லர். கொலை, தாயவுரிமை, நிலவெல்லை முதலிய வழக்குகளைத் தீர்த்தவரும் அவரே. அவர் தீர்ப்புக்கு அடங்காதவன் வேள்வியினின்றும் விலக்கப்படுவான். அவனைக் கண்டோர் அணுக அஞ்சி ஒதுங்குவர். அவர்க்குப் போர்த்தொண்டும் இல்லை, வரியும் இல்லை. ஆண்டுதோறும் கர்னூத்தர் என்னும் குடியினரின் நாட்டில், புனிதமானதோர் இடத்தில் அவர் கூடினர். ஆன்மா அழிவதில்லை, ஓருடல் விட்டு மற்றோருடல் புகும் என்பது அவர் போதித்தவற்றுள் தலையாயது. இதனால் மரண அச்சம் நீங்கி வீரம் மிகும் என அவர் கருதினர்.

இனிப் பொன்னரிவாளுக்கு வருவோம். கி.பி. 79இல் இறந்த மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்றில் ஒரு சடங்கை வருணிக்கின்றார். ஓக் மரத்திற் புல்லுருவி முளைத்தல் அரிது. முளைத்ததாயின் துருயிதர் அதனைத் தெய்வப் பொருளாகக் கொள்வர். பிறையின் ஆறாம் நாளில் வெள்ளாடை உடுத்த குரு மரமேறிப் பொன்னரிவாளால் அதனை அரிவார். கீழே நிற்போர் வெண்துகிலில் ஏந்துவர். பின்னர் வெண்காளை இரண்டு பலியிடப்படும். கதைகளிலும் ஓவியங்களிலும் வரும் துருயிதரின் கோலம் பெரும்பாலும் இவ்வொரு பகுதியினின்றே பிறந்தது எனலாம்.

நிற்க. இவற்றை எழுதியவர் யாவர்? வென்றவரும் வென்றவர் நாட்டாருமே. சீசர் தாம் அடக்க முயன்ற மக்களைப் பற்றி எழுதுகின்றார். கொடிகளாற் பின்னிய பேருருவங்களுள் மனிதரை அடைத்து எரித்தனர் என்னும் செய்தியையும் அவரே கூறுகின்றார். அதனை முற்றும் பொய்யெனத் தள்ளுதற்கும் இல்லை. அப்படியே ஏற்றற்கும் இல்லை. தம் நண்பர் என அவர் பன்முறை போற்றும் திவிதியாக்கர் ஒரு துருயிதர் என்பதைச் சீசர் யாண்டும் கூறவில்லை. அதனை நாம் சிசரோவின் நூலினின்றே அறிகின்றோம். பாசறையில் உடனிருந்து ஆலோசனை கூறிய துருயிதர் ஒருவர். ஏட்டில் வருணிக்கப்படும் துருயிதர் வேறொருவர் போலும்!

முதல் நூற்றாண்டில் உரோமப் பேரரசர் திபேரியசும் கிளாடியசும் இக்குருமாரை ஒடுக்க முற்பட்டனர். கி.பி. 60 அல்லது 61இல் சுவெட்டோனியஸ் பவுலினஸ் என்னும் தளபதி, வேல்சு நாட்டை அடுத்த ஆங்கிள்சி தீவின்மேற் படையெடுத்தார். கரையில் ஆயுதம் ஏந்திய வீரரும், கரிய ஆடை உடுத்துத் தீப்பந்தம் ஏந்திய மகளிரும், வானோக்கிக் கையுயர்த்திச் சாபமிட்ட துருயிதரும் நின்றனர் எனத் தாசித்தஸ் எழுதுகின்றார். உரோமர் முதலில் திகைத்து நின்றனர். பின்னர்ப் பாய்ந்து வென்றனர். புனிதச் சோலைகள் வெட்டுண்டன. கல்வி முழுவதையும் நெஞ்சிலே சுமந்த ஆசிரியர் வாளுக்கு இரையாயின், அவரோடு நூல்நிலையமும் அழிந்ததாகவே கொள்ளல் வேண்டும். இருபது ஆண்டு பயின்ற அச்செய்யுட்களுள் ஓர் அடியேனும் இன்று நமக்கு இல்லை.

ஏடு மறைத்ததை மண் சிறிது காட்டுகின்றது. 1897இல் பிரான்சிலுள்ள கொலிஞி என்னும் ஊரில் வெண்கலப் பலகையொன்றின் துண்டுகள் கிடைத்தன. அஃது உரோம எழுத்தில், கோலிய மொழியில் அமைந்த ஐந்தாண்டுப் பஞ்சாங்கம். மதியின் கதியையும் கதிரவனின் கதியையும் இயைத்துக் கணிப்பது. துருயிதர் கல்வியின் எச்சம் இதுவென அறிஞர் பலர் கருதுவர். 1942இல் அதே ஆங்கிள்சி தீவில் விமானத்தளம் அமைக்குங்கால், சேற்றினின்றும் வாள், ஈட்டி, தேருறுப்புக்கள் முதலியன வெளிப்பட்டன. அவற்றுள் அடிமைகளை வரிசையாகப் பிணிக்கும் இருப்புச் சங்கிலியும் ஒன்று. அதன் பழமையை அறியாத வேலையாட்கள் சேற்றில் அழுந்திய வண்டிகளை அதனாலே இழுத்தனராம்! இப்பொருள்கள் நீர்நிலையில் இடப்பட்ட காணிக்கைகள் என்பர்.

கற்பனையோ வேறு வழிச் சென்றது. 1740இல் வில்லியம் ஸ்டக்லி என்பார் ஸ்டோன்ஹெஞ்சுக் கல்வட்டத்தைத் துருயிதர் கோயில் என எழுதினார். அக்கற்கள் நிறுவப்பட்டதோ கி.மு. 2500 அளவில், துருயிதரைப் பற்றிய செய்திகளுக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு முற்பட்டது. 1792இல் இயோலோ மொர்கானுக் என்பார் இலண்டன் நகரின் குன்றொன்றில், பண்டைத் துருயிதர் மரபென்று தாமே புனைந்த சடங்கொன்றை நடத்தினார். 1831இல் அரங்கேறிய பெல்லினியின் ‘நோர்மா’ இசைநாடகம், உரோமத் தலைவனைக் காதலித்த துருயிதப் பூசாரிணியின் துயரைப் பாடிற்று. பகைவர் கொடியவர் என்றனர். பிற்காலத்தார் ஞானியர் என்றனர். இருதிறத்தார் உரையிலும் துருயிதரின் சொந்தக் குரல் கேட்கவில்லை.

ஆயின் இத்தகைய கதைகளை விலக்கல் வேண்டுமோ? வேண்டா. ஏடு வாய்மூடிய இடத்திற் கதையாசிரியன் பேசலாம். தோற்றவர்க்கும் நெஞ்சுண்டு என்பதை அவனே நமக்கு உணர்த்துகின்றான். அவன் கூறுவதைச் சான்று எனக் கொள்ளாமையே படிப்போர் கடன். மாணவ நண்பர்காள்! அடுத்த முறை கதையொன்றில் வெண்தாடிக் குரு சோலையினுள் மந்திரம் ஓதுவாராயின், அதனை இன்புற்றுப் படிப்பீராக. ஆனால் அம்மந்திரத்தின் உண்மைச் சொற்களை அறிந்தவர் இன்று எவரும் இலர் என்பதையும் நினைவிற் கொள்வீராக.