ஹைக்குவும் சிறைவாசமும்

ஜப்பானியரின் ஹைக்கு இன்று பல பாஷைகளில் எழுதப்படுகிறது. 17 ஒலிகளுக்குள் ஒரு பருவத்தையும் ஒரு காட்சியையும் அடக்கி, இடையே ஒரு வெட்டு வைத்து, எஞ்சியதை வாசகனுக்கே விட்டுவிடுவது அதன் முறை. பல துறைப் பண்டிதர்கள் இப்போது அதனை ஆராய்கின்றனர். ஜப்பானியர் எண்ணுவது இங்கிலீஷ் அசையை அன்று, அதனிலும் குறுகிய ஒலியளவை என்பர் மொழிநூலார். மாத்திரைக் கணக்கறிந்த தமிழருக்கு இது புதிதன்று. அங்கும் நெடில் இரண்டாகவே எண்ணப்படும். ஜெர்மனியின் மியூனிக் நகரத்து உளநூலார், வெட்டு விழும் இடத்தில் படிப்பவன் கண் எவ்வாறு தயங்கித் திரும்புகிறதென்று கருவி வைத்து அளந்து, 2017-ல் வெளியிட்டனர்.

இவை நல்ல ஆராய்ச்சிகளே. ஆயினும், இக்கவிதையைக் கடல் கடந்து கொண்டுசென்றவர் யாவர், எந்நிலையிலிருந்தனர் என்பதையன்றோ முதலில் விசாரிக்க வேண்டும்? 1913-ல் எஸ்ரா பவுண்டு பிரசுரித்த இரண்டு வரிகளைப் பற்றியே இலக்கியச் சரித்திரக்காரர் மிகுதியாகப் பேசுகின்றனர். தமிழருக்கு இதனை அறிமுகம் செய்த பாரதியாரோ, 1916 அக்டோபரில் 'சுதேசமித்திர'னில் அதைப் பற்றி எழுதியபோது, பிரிட்டிஷ் சர்க்காரின் கைக்கு எட்டாமல் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தார்.

ஆர். எச். பிளைத் என்ற ஆங்கிலேயர் முதல் உலக யுத்தத்தில் ஆயுதமெடுக்க மறுத்துச் சிறை சென்றவர். அடுத்த யுத்தத்தில் ஜப்பான் சர்க்கார் அவரைச் சத்துரு நாட்டுப் பிரஜையெனக் கோபே நகரில் காவலில் வைத்தது. அங்கும் அவர் எழுத்தை விடவில்லை. 1949 முதல் 1952 வரை நான்கு பாகங்களாக வெளிவந்த அவரது ஹைக்கு நூலே மேனாட்டுக் கவிஞர் பலருக்கு ஆசானாயிற்று.

அமெரிக்கா செய்ததும் அழகன்று. 1942 முதல் ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சத்தாரை அது முள்வேலிக்குள் அடைத்தது. மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கப் பிரஜைகள். குற்றச்சாட்டில்லை, விசாரணையில்லை. (சுதந்திரப் பிரகடனம் எழுதிய நாடு!) கலிபோர்னியாவின் ஸ்டாக்டன், பிரஸ்னோ நகரங்களில் ஹைக்கு சங்கம் நடத்தியோர் முகாமிலும் கூடிக் கவி புனைந்தனர். சந்தேகத்துக்கஞ்சி முன்னமே பலர் தம் ஏடுகளை அழித்துவிட்டிருந்தனர். தப்பியவற்றை, தாமும் முகாமில் அடைபட்டிருந்த காஸூயே டி கிரிஸ்டோபோரோ அம்மையார் தேடித் திரட்டி, மொழிபெயர்த்து, 1997-ல் அச்சேற்றினார்.

இனி ரிச்சர்டு ரைட். நிறவெறியைத் தாளாது பாரிஸில் குடியேறிய இந்த நீக்ரோ ஆசிரியர், 1955-ல் பாண்டுங் மகாநாட்டுக்குச் சென்று ஆசிய ஆப்பிரிக்க மக்களின் எழுச்சியைப் பற்றி நூல் எழுதியவர். ஆயுளின் கடைசிக் காலத்தில் நோய் அவரைக் கட்டிலில் கிடத்தியது. பிளைத்தின் நூல்கள் கைக்கு வந்தன. கோபாவேசமாக எழுதிய அதே பேனா மழையையும் நத்தையையும் பாடத் தொடங்கிற்று. அவர் போராட்டத்தை விட்டு ஓடினார் என்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். கறுப்பனுக்கு வசந்தத்தைக் காண்பதும் ஓர் உரிமையே. சுமார் 4,000 கவிதைகள் எழுதி, 817-ஐத் தாமே தெரிந்தெடுத்தார். பதிப்பாளர் ஏற்கவில்லை. 1960 நவம்பர் 28-ல் காலமானார். அப்புத்தகம் வெளிவந்தது 1998-ல்.