கைபேசியில் வாடிக்கை

ஒரு தெருவில் இரண்டு மளிகைக் கடைகள். இரண்டிலும் அதே அரிசி, அதே பருப்பு. விலையும் ஒன்றுதான். ஆனால் ஒரு கடையில் மட்டும் எப்போதும் கூட்டம். ஏன்?

அந்தக் கடைக்காரர் முகம் பார்த்துப் பேசுவார். "அம்மாவுக்கு உடம்பு தேவலையா?" என்று கேட்பார். வண்டு விழுந்த பருப்பைத் தலையில் கட்ட மாட்டார். "இது வேண்டாம் அக்கா, நாளைக்குப் புதுச் சரக்கு வருது" என்பார். அதனால் அவரை நம்பி வாங்குகிறோம். பக்கத்து வீட்டிலும் சொல்கிறோம். இதைத்தான் வாடிக்கை என்கிறோம்.

கடை பக்கத்தில் இருந்தால் வாடிக்கை பிடிக்கலாம். வாங்குபவர் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்? அப்போதும் முடியுமா?

முடியும். குஜராத் மாநிலத்தில் கட்ச் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே துணிக்கு அச்சிடும் தொழிலாளர்கள் அதைச் செய்கிறார்கள். அவர்கள் கதையைப் பார்ப்போம்.

அஜரக் துணி

கட்ச் வறண்ட பூமி. மழை குறைவு. ஆடு மாடு மேய்ப்பவர்கள் அங்கே அதிகம். அங்கே செய்யும் துணிக்கு அஜரக் என்று பெயர். கருநீலமும் சிவப்பும் கலந்த துணி அது. பூவும் நட்சத்திரமும் கட்டம் கட்டமாக இருக்கும்.

மரக்கட்டையில் பூ வேலை செதுக்கி அச்சு செய்வார்கள். அந்த அச்சைக் கையால் துணிமேல் ஒற்றுவார்கள்.

முதலில் துணியை நன்றாகத் துவைப்பார்கள். கடுக்காய் நீரில் நனைத்து வெயிலில் காயவைப்பார்கள். பிறகு சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையை அச்சிடுவார்கள். பசை ஒட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அந்த இடம் வெள்ளையாக நிற்கும்.

கறுப்பு நிறம் எப்படி வருகிறது? பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊறவைப்பார்கள். அதில் புளியங்கொட்டை மாவைச் சேர்ப்பார்கள். அதுதான் கறுப்பு மை. சிவப்புக்குப் படிகாரமும் மஞ்சிட்டியும். நீலத்துக்கு அவுரி. தமிழ்நாட்டிலும் விளைகிறதே, அதே அவுரிதான்.

இப்படி 14 முதல் 16 படிகள் உண்டு. துவைக்க வேண்டும், காய வேண்டும், மறுபடி அச்சிட வேண்டும். ஒரு துணி முடியப் பல நாள் ஆகும்.

பழைய வாடிக்கை

முன்பு இந்தத் துணியை வாங்கியவர்கள் யார்? பக்கத்து ஊர்களில் ஆடு மாடு மேய்த்தவர்கள். இதை இடுப்பில் கட்டுவார்கள், தோளில் போடுவார்கள், தலைப்பாகையாகச் சுற்றுவார்கள். அச்சிடுபவருக்குத் தன் துணியை யார் உடுத்துகிறார் என்று தெரியும். உடுத்துபவருக்கும் அதைச் செய்தவர் யார் என்று தெரியும்.

பிறகு மில் துணி வந்தது. நைலான் துணி வந்தது. விலை குறைவு, துவைப்பதும் எளிது. மேய்ப்பவர்கள் அதற்கு மாறினார்கள். பழைய வாடிக்கை போனது. ரசாயனச் சாயம் வந்த பிறகு இயற்கைச் சாயம் போடுவதும் குறைந்தது.

தமட்கா என்ற ஊரில் முகமது சித்திக் என்ற கைவினைஞர் இருந்தார். அவர் 1970களில் இயற்கைச் சாயத்தை மறுபடி கையில் எடுத்தார். தன் மகன்களுக்கும் கற்றுக்கொடுத்தார். நகரத்துக் கடைகள் வாங்கத் தொடங்கின. தொழில் பிழைத்தது.

ஆனால் நடுவில் வியாபாரி வந்தார். துணியை யார் உடுத்துகிறார் என்பது செய்தவருக்குத் தெரியாது. யார் செய்தது என்பது உடுத்துபவருக்கும் தெரியாது.

இடிந்த ஊர், புதிய ஊர்

2001 ஜனவரி 26 அன்று கட்ச்சில் பெரிய நிலநடுக்கம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். தமட்காவில் வீடுகள் இடிந்தன, பட்டறைகளும் இடிந்தன. தண்ணீரும் கெட்டது. தண்ணீரில் இரும்புச் சத்து கூடினால் சாயத்தின் நிறம் மாறிவிடும். எனவே பல குடும்பங்கள் புஜ் நகரத்துக்கு அருகில் புதிய ஊர் அமைத்தன. அந்த ஊருக்குத் தங்கள் துணியின் பெயரையே வைத்தார்கள். அஜரக்பூர் என்றார்கள்.

வெளியூர்க்காரர்கள் அஜரக்பூருக்கு வந்து துணி வாங்கினார்கள். கைவினைஞர்களும் பெரிய நகரங்களில் நடக்கும் கண்காட்சிகளுக்குத் துணி கொண்டு போனார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியது. நாடு முழுவதும் ஊரடங்கு. கண்காட்சி இல்லை, வெளியூர்க்காரர் இல்லை. செய்த துணி வீட்டிலேயே தேங்கியது.

இன்னொரு கவலையும் இருந்தது. அஜரக் பூ வேலையை இயந்திரத்தில் அச்சிட்டு விற்கிறார்கள். அது ஒரே நாளில் மலை மலையாக வரும். விலையும் மிகக் குறைவு. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. "அங்கே இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, நீங்கள் ஏன் இத்தனை கேட்கிறீர்கள்?" என்பார்கள். பல நாள் உழைப்புக்கு என்ன பதில் சொல்வது?

பட்டறையைத் திறந்து காட்டினார்கள்

பதில் கைபேசியில் இருந்தது. 2016க்குப் பிறகு இந்தியாவில் இணையக் கட்டணம் மிகவும் குறைந்தது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாம் சாதாரண மக்கள் கைக்கு வந்தன. கட்ச்சில் 2014இல் சோமையா கலா வித்யா என்ற பள்ளி தொடங்கியது. அது கைவினைஞர்களுக்கு வடிவமைப்பையும் வணிகத்தையும் கற்றுத்தருகிறது. ஊரடங்குக் காலத்தில் கைவினைஞர் பலர் கைபேசி வழியே வாங்குபவரைத் தேடினார்கள்.

அவர்கள் துணியின் படத்தை மட்டும் போட்டு விலை எழுதவில்லை. வேலையைக் காட்டினார்கள். அச்சு ஒற்றும் கையைக் காட்டினார்கள். அவுரித் தொட்டியிலிருந்து துணி பச்சையாக வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண் முன்னே நீலமாக மாறும். அதையும் படம் பிடித்துப் போட்டார்கள்.

பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள். கொல்கத்தாவில் ஒரு பெண் துணி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதுகிறார்:

"பாய், ஓர் ஓரத்தில் நீலம் கொஞ்சம் குறைவாக இருக்கிறதே. இது பழுதா?"

குஜராத்தியில் பாய் என்றால் அண்ணன், பென் என்றால் அக்கா. அவர் பதில் எழுதுகிறார்:

"பழுது இல்லை பென். கையால் முக்கி எடுப்பதால் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். முதல் சில தடவை தனியாகத் துவையுங்கள். கொஞ்சம் சாயம் போகும். அதன் பிறகும் போனால் சொல்லுங்கள், துணியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்."

சாயம் போகும் என்பதை அவர் மறைக்கவில்லை. இந்தப் பதிலை மற்றவர்களும் படிக்கிறார்கள். அவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிடுகிறது. அடுத்து ஒருவர் அதே கேள்வியைக் கேட்டால், பழைய வாடிக்கையாளரே பதில் சொல்லிவிடுவார்.

இங்கேதான் ஒரு மாற்றம் நடக்கிறது. வேலையைப் பார்த்தவருக்கு உழைப்பின் அருமை தெரியும். அவர் அடித்துப் பேரம் பேச மாட்டார். இயந்திரத் துணியில் எல்லாப் பூவும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். கைத் துணியில் அச்சு சேரும் இடம் கொஞ்சம் விலகி இருக்கும். இதை அறிந்தவர் போலியைக் கண்டதும், "இது கைவேலை இல்லை" என்று நாலு பேரிடம் சொல்வார். தொழிலைக் காக்க அவரும் துணை நிற்பார்.

கட்ச் அஜரக் துணிக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்தாமல் இருக்க இது சட்டப் பாதுகாப்பு. ஆனால் சட்டம் மட்டும் போதாது. வாங்குபவருக்கும் விவரம் தெரிய வேண்டும்.

கவனம் தேவை

கைபேசி எல்லாவற்றையும் தந்துவிடாது. படத்தை ஆயிரம் பேர் பார்க்கலாம், பத்துப் பேர்கூட வாங்காமல் போகலாம். புதிய வடிவத்தைப் படம் போட்டால் வேறு ஒருவர் பார்த்துக் காப்பி அடிக்கலாம். பல வீடுகளில் கைபேசி ஆண்கள் கையிலேயே இருக்கிறது. துணியில் உழைக்கும் பெண்ணுக்கு வாங்குபவரோடு பேச வாய்ப்பு இல்லை. அவர் கையிலும் கைபேசி வர வேண்டும். அப்போதுதான் விலை என்ன என்பது அவருக்கும் தெரியும்.

ஏமாற்றுக்காரர்களும் உண்டு. "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். நம்ப வேண்டாம். பணம் அனுப்பத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்க அது தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

நாமும் செய்யலாம்

ஊறுகாய் போடும் மகளிர் குழு இதைச் செய்யலாம். கூடை முடைபவர் செய்யலாம். தையல் கடைக்காரரும் செய்யலாம். வழி ஒன்றுதான்.

பொருளை எப்படிச் செய்கிறீர்கள் என்று காட்டுங்கள். கேள்வி கேட்டால் அன்றே பதில் சொல்லுங்கள். குறை இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். பொருள் தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்லுங்கள். வாரம் ஒரு செய்தி போதும், காலை மாலை என்று அனுப்பினால் சலித்துவிடும். கேட்காமல் யாரையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அவர் எண் குழுவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

எழுதப் படிக்கக் கற்றது இங்கே கை கொடுக்கும். வாங்குபவர் எழுதியதை நீங்களே படிக்கலாம். பதிலை நீங்களே எழுதலாம். நடுவில் இன்னொருவர் வேண்டாம்.

கட்ச்சில் மேய்ப்பவருக்கும் அச்சிடுபவருக்கும் இருந்த பழைய உறவு ஒரு காலத்தில் அறுந்து போனது. இன்று வேறு ஊர், வேறு மொழி ஆட்களோடு அதே உறவு மறுபடி துளிர்க்கிறது. இன்றும் அதற்கு வேர் நம்பிக்கைதான்.

பேசிப் பார்ப்போம்

1. நீங்கள் எப்போதும் ஒரே கடையில் வாங்கும் பொருள் எது? ஏன்?

2. உங்கள் ஊரில் கையால் செய்யும் பொருள் எது? அதை எப்படிச் செய்கிறார்கள் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியுமா?

3. உங்கள் வீட்டில் கைபேசி யார் கையில் இருக்கிறது?